மெட்ராஸ்காரன் கை

எங்கள் ஸ்டூடியோவுக்காக மெட்ராஸில் ஒருவர் கேமரா லென்ஸ்களைப் பழுதுபார்த்துக் கொடுக்கிறார் என்று கோடைக்கானலில் மூன்று வருடம் எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தார்கள். அப்படி ஒருவர் இல்லை. அந்த வேலையைச் செய்தது நான். அதே ஊரில், மூஞ்சிக்கல் பகுதியில், ஸ்டூடியோவுக்குப் பின்னாலேயே இருந்த எங்கள் வீட்டில், சமையலறை ஜன்னலோரம் உட்கார்ந்து செய்தேன்.

என் கணவர் அலெக்சாண்டர் போட்டோகிராபர். சீசன் மாதங்களில் ஏரிக்கரையில் நின்று வெளியூர்க்காரர்களைப் படம் எடுப்பார். மற்ற மாதங்களில் கல்யாணம், ஞானஸ்நானம், பள்ளிக்கூடக் குரூப் படம். கல்யாணமாகி வந்த முதல் வருடமே நெகட்டிவ் திருத்தும் வேலை என் கைக்கு வந்துவிட்டது. ஊசியாகச் சீவிய பென்சிலால் முகத்து வடுக்களையும் சுருக்கங்களையும் புள்ளி புள்ளியாக மறைக்க வேண்டும். ஒரு நெற்றியில் நூறு புள்ளி வைத்தாலும் ஒன்றுகூடத் தெரியக் கூடாது. செய்தது தெரியாமல் இருப்பதுதான் அந்த வேலையின் திறமை. நான் அதில் கெட்டிக்காரி.

ஐம்பத்தேழாம் வருட மழைக்காலத்தில் அவருடைய நல்ல லென்ஸுக்குள் பூஞ்சை பிடித்தது. இங்கே மழையில் எல்லாமே நமத்துப்போகும். உப்பு தண்ணீர் விடும். தீக்குச்சியை உரசினால் மருந்து மட்டும் உதிரும். லென்ஸில் வருகிற பூஞ்சை வெளியே துடைத்தால் போகாது; உள்ளே, கண்ணாடிக்கும் கண்ணாடிக்கும் நடுவே படர்ந்திருக்கும். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் மெல்லிய வெள்ளை வேர் போலத் தெரியும். அதில் எடுத்த படங்களெல்லாம் மேகம் இறங்கிய நேரத்தில் எடுத்தவை போல மங்கி வந்தன.

அந்த ஒரு லென்ஸ் மட்டும் உண்மையாகவே மெட்ராஸுக்குப் போனது. இரண்டு மாதம் கழித்துத் திரும்பி வந்தபோது பூஞ்சை இல்லை. அதற்குப் பதிலாகக் கண்ணாடியின் குறுக்கே ஒரு கீறல் இருந்தது. அடுத்த மழையில் பூஞ்சையும் திரும்பி வந்தது. புதிது வாங்கலாமென்றால் வெளிநாட்டுச் சாமான் வருவதே குறைந்துபோன சமயம்.

“நான் கழட்டிப் பாக்கட்டுமா?” என்று கேட்டேன்.

“கழட்டிருவ. மாட்டுறது யாரு?”

“கழட்டினவதான் மாட்டுவா.”

“இது அம்மிக்கல்லு இல்ல செல்வம், கொத்திவிட்டு வெச்சுக்கிறதுக்கு.”

ஆனாலும் கொடுத்தார். கீறல் விழுந்த லென்ஸ். இனிக் கெடுவதற்கு அதில் அதிகம் இல்லை என்ற தைரியம்.

லென்ஸின் முகப்பில் ஒரு வளையம் இருக்கும். அதில் எதிரெதிராக இரண்டு சிறு வெட்டுகள். அவற்றில் பொருந்துகிற மாதிரி ஏதாவது இருந்தால்தான் திருக முடியும். பள்ளிக்கூடப் பிள்ளைகளின் ஜியாமெட்ரி பெட்டியில் இருக்கிற கவராயம் ஒன்றை வாங்கி, அதன் இரண்டு முனைகளையும் அரத்தால் தட்டையாக ராவினேன். முதல் நாள் முழுக்கத் திருகியும் வளையம் அசையவில்லை. இரண்டாம் நாள்தான், நான் அதை இறுக்கிக்கொண்டிருக்கிறேன் என்று புரிந்தது. எதிர்ப்பக்கம் திருகினேன். ஒரு சிறு சத்தத்தோடு விட்டுக்கொடுத்தது. அந்தச் சத்தம் இன்னும் என் விரலில் இருக்கிறது.

கழற்றியதை எங்கே வைப்பது என்பதுதான் பெரிய கேள்வி. எந்தக் கண்ணாடி முன்னே இருந்தது, எது பின்னே, எந்தப் பக்கம் வெளியே பார்த்தது, இதில் ஒன்று மாறினாலும் போச்சு. இட்லித் தட்டை எடுத்து, குழிக்குக் குழி பழைய மல் துணியை விரித்து, கழற்றுகிற வரிசையிலேயே ஒவ்வொன்றாக வைத்தேன். கடைசியில் கழன்றது நடுக்குழியில். மாட்டும்போது நடுவில் தொடங்கி வந்த வழியே திரும்ப வேண்டும். வேலை முடிகிறவரை வீட்டில் யாரும் பெருக்கக் கூடாது. அடுப்பும் எரியக் கூடாது, சாம்பல் பறக்கும். தரையில் தண்ணீர் தெளித்து, வாசலில் ஈரச் சேலையைத் தொங்கவிட்டு, மேகம் இறங்குமுன் கிடைக்கிற காலை வெயிலில் உட்காருவேன்.

“இன்னைக்கும் இட்லி இல்லையா?” என்பார் இவர்.

“தோசை ஊத்துறேன்.”

“நேத்தும் தோசைதான்.”

“லென்ஸு வேணுமா, இட்லி வேணுமா?”

காதுக்கு விடுவதற்கு மருந்துக் கடையில் விற்கிற பெராக்சைடில் ஊறவிட்டு, துவைத்துத் துவைத்துப் பஞ்சாகிப்போன துணியால் நடுவிலிருந்து ஓரத்துக்குச் சுற்றிச் சுற்றி எடுத்தால் பூஞ்சை வந்துவிடும் என்று கண்டுபிடிக்க ஒரு வாரம் ஆனது. அழுத்தக் கூடாது என்று தெரிந்துகொள்ள இன்னொரு வாரம். எல்லாவற்றையும் மாட்டி, ஜன்னலுக்கு வெளியே இருந்த பேரிக்காய் மரத்தை அதன் வழியாகப் பார்த்தேன். இலையின் நரம்பு தெரிந்தது.

பிள்ளை பெற்ற சந்தோஷம் போல என்று சொல்லிவிடலாம். எனக்கு இரண்டு பிள்ளைகள். அந்தச் சந்தோஷம் எனக்குத் தெரியும். இது வேறு. பிள்ளை பெறுவேன் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். இதை என்னிடம் யாருமே எதிர்பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு ஒருநாள், காபித் தோட்டத்து மானேஜர் சுவாமிநாதன் தன் லென்ஸோடு ஸ்டூடியோவுக்கு வந்தார். அதிலும் பூஞ்சை. நான் உள்ளே நெகட்டிவ் திருத்திக்கொண்டிருந்தேன். இவர் கொஞ்சமும் தயங்காமல், “வெச்சுட்டுப் போங்க சார், மெட்ராஸ்ல நமக்கு ஒரு ஆளு இருக்கான்” என்று சொன்னது காதில் விழுந்தது.

அவர் போன பிறகு, “எந்த ஆளு?” என்று கேட்டேன்.

“நீதான். வேற எப்பிடிச் சொல்லச் சொல்ற? எம் பொண்டாட்டி அடுப்படியில வெச்சுக் கழட்டுவான்னா, குடுக்கிறவன் குடுத்ததையும் பிடுங்கிட்டுப் போயிருவான்.”

அவர் சொன்னதில் தப்பு இல்லை என்றுதான் எனக்கும் பட்டது. இரண்டே நாளில் லென்ஸ் தயார். ஆனால் மெட்ராஸ் போய்வர நாளாகுமே. பதினைந்து நாள் அதை பிஸ்கட் டப்பாவுக்குள் அரிசியில் புதைத்து வைத்திருந்தோம். திருப்பிக் கொடுக்கும்போது இவர் அதை மெட்ராஸ் பேப்பரில் சுற்றி, சணலால் கட்டிக் கொடுத்தார். சுவாமிநாதன் லென்ஸை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, “என்ன இருந்தாலும் மெட்ராஸ்காரன் கை கைதான்யா” என்றார்.

உள்ளே இருந்த நான் என் கையைப் பார்த்துக்கொண்டேன். விரலிடுக்கில் மஞ்சள் ஒட்டியிருந்தது. அன்று மீன் குழம்பு.

அந்த நிமிடத்தில் என்ன நினைத்தேன் என்று பிற்பாடு பலமுறை என்னையே கேட்டிருக்கிறேன். கோபம் இருந்தது, உண்மைதான். ஆனால் அதற்குக் கீழே ஒரு நிம்மதியும் இருந்தது. பாராட்டு என்னைத் தேடி வரவில்லை. அதேபோல ஒரு குறையும் என்னைத் தேடி வராது. அந்த இல்லாத ஆளின் பின்னால் நான் பத்திரமாக இருந்தேன். வத்தலக்குண்டிலிருந்தும் திண்டுக்கல்லிலிருந்தும் லென்ஸ்கள் வந்தன. மூன்று வருடத்தில் பதினொன்று. பதினொன்றும் நன்றாகத் திரும்பிப் போயின. ஊரில் அவன் புகழ் வளர்ந்தது. ஞாயிறு பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் நிற்கும்போது யாராவது இவரிடம் “உங்க மெட்ராஸ்காரன்…” என்று தொடங்கினால், நான் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு தள்ளி நிற்பேன். உள்ளுக்குள் ஒவ்வொரு சொல்லையும் பொறுக்கிச் சேர்த்துக்கொள்வேன். திருடிச் சேர்ப்பது போலத்தான் இருந்தது, என் பொருளை நானே.

அறுபத்திரண்டாம் வருடம் தை மாதம் அருள்மணி டீச்சரின் லென்ஸ் வந்தது. டீச்சர் பெண்கள் பள்ளிக்கூடம் ஒன்றில் தாவரவியல் நடத்தினார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. விடுமுறை நாட்களில் சோலைக்காட்டுக்குள் போய்ப் பாசியையும் பெரணியையும் படம் எடுப்பார். சொந்த நாட்டுக்குத் திரும்பிப் போன மிஷனரி அம்மா ஒருத்தி கொடுத்துவிட்டுப் போன லென்ஸ் அது. அதைத் தொட்டாலே தெரிந்தது, நான் அதுவரை பிடித்ததெல்லாம் வேறு, இது வேறு. கனமும் வழுவழுப்பும் அப்படி.

பூஞ்சை சுலபமாகப் போனது. ஒரே ஒரு கண்ணாடியின் ஓரத்தில், நகக்கண் அகலத்துக்கு மஞ்சளாக ஒரு கறை மட்டும் போகவில்லை. பெராக்சைடு, ஸ்பிரிட், வெறும் மூச்சு, எதற்கும் அசையவில்லை. நான் அதை விட்டிருக்கலாம். படத்தில் அது தெரியவே தெரியாது. ஆனால் அந்தக் கறை இருக்கிறது என்று எனக்குத் தெரியுமே.

மூன்றாம் நாள் கந்தம்மாள் வந்தாள். வில்பட்டியிலிருந்து கேரட்டும் பீன்ஸும், கூடவே தன் அண்ணன் காய்ச்சுகிற யூகலிப்டஸ் தைலமும் கொண்டுவந்து வீடு வீடாகக் கொடுப்பவள்.

“என்ன தாயி, வெள்ளனே இருந்து அந்தக் கண்ணாடியவே பாத்துக்கிட்டுக் கெடக்கே?”

“ஒரு கறை போக மாட்டேங்குது அக்கா.”

“தைலம் போட்டியா?”

“கண்ணாடிக்கா?”

“ஏன், கண்ணாடி என்ன சாமியா? பலாப் பிசினு போகுது. லாரிக்காரன் சட்டையில தாரு போகுது. எம் மாமியாளுக்கு மூட்டு வலியே போயிருச்சு. மாமியாதான் போகல.”

இந்த ஊரில் தைலம் போடாத இடம் எது? சளிக்கு, தலைவலிக்கு, எறும்புக்கு, அலமாரி வாசனைக்கு. வேறெங்காவது இருந்திருந்தால் எனக்கு இது தோன்றியே இருக்காது. ஒரு சொட்டு வைத்தேன். கறை லேசாக இளகியது போல இருந்தது. ஆசை வந்துவிட்டது. தைலத்தில் நனைத்த துணியை அந்த ஓரத்தில் சுற்றி, இட்லித் தட்டின் நடுக்குழியில் வைத்துவிட்டுச் சமைக்கப் போனேன்.

மத்தியானம் துணியைப் பிரித்தால் கறை இல்லை. அது இருந்த இடத்திலிருந்து கண்ணாடியின் நடுவரைக்கும் ஒரு இறகு போல ஏதோ விரிந்திருந்தது. சாய்த்துப் பார்த்தால் அதில் சோப்புக் குமிழியின் நிறங்கள். துடைத்தேன். மேலே ஒன்றும் இல்லை. திருப்பித் துடைத்தேன். கீழேயும் இல்லை. அப்போதுதான் விளங்கியது: நான் ஒரே கண்ணாடி என்று நினைத்தது ஒன்றல்ல. இரண்டு கண்ணாடிகளை ஏதோ பசை வைத்து ஒட்டியிருந்தார்கள். தைலம் அந்தப் பசைக்குள் இறங்கிவிட்டது.

இவர் வந்து பார்த்தார். நெற்றியைத் தடவிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு அவர் முகம் தெளிந்தது.

“இதுக்கு ஏன் அழுற? மெட்ராஸ்காரன் கெடுத்துட்டான்னு சொல்லிருவோம்.”

“அவன்தான் இல்லையே.”

“இல்லாதவன்தான் வசதி. அவன் என்ன கோர்ட்டுக்கா வரப் போறான்? திட்டுறவங்க திட்டட்டும். ‘இனிமே அவன்ட்ட அனுப்ப மாட்டோம்’னு நானும் சேந்து திட்டுறேன். சோலி முடிஞ்சுச்சு.”

அவர் என்னைக் காப்பாற்றத்தான் சொன்னார். எனக்கும் அது வேண்டியிருந்தது. இரண்டு நாள் அந்த யோசனையோடேயே சமைத்தேன், துவைத்தேன், தூங்கினேன். மூன்றாம் நாள் காலை நெகட்டிவ் ஒன்றைத் திருத்திக்கொண்டிருக்கும்போது பென்சில் நின்றுவிட்டது. இதை அவன் கெடுத்தான் என்றால், சுவாமிநாதனுடையதைச் சரிசெய்ததும் அவன்தான். திண்டுக்கல் லென்ஸும் அவன்தான். பதினொன்றும் அவனுடையது. இதுவரை நான் அவனுக்குக் கடனாகத்தான் கொடுத்து வைத்திருந்தேன், என்றைக்காவது திருப்பி வாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தேன். இந்தத் தப்பையும் அவன் தலையில் வைத்துவிட்டால் அப்புறம் வாங்குவதற்கு ஒன்றும் இருக்காது. என் கையில் மஞ்சள் மட்டும் மிச்சம்.

லென்ஸைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு கிளம்பினேன். இவரிடம் சொன்னால் தடுப்பார் என்று, சந்தைக்குப் போகிறேன் என்றேன்.

டீச்சர் குடியிருந்த வீடு ஏரிக்கு மேலே மேட்டில். சனிக்கிழமை. அவர் வாசலில் பூந்தொட்டிகளுக்கு மண் மாற்றிக்கொண்டிருந்தார்.

“வாம்மா. லென்ஸ் வந்துருச்சா? பரவாயில்லையே, மெட்ராஸ்ல வெரசா முடிச்சுட்டானே.”

“மெட்ராஸ்ல யாரும் இல்ல டீச்சர்.”

“இல்லன்னா?”

“நான்தான் பண்றேன். வீட்டுல வெச்சு, மூணு வருசமா. இத நான் கெடுத்துட்டேன்.”

வழியெல்லாம் வேறு என்னென்னவோ தயார் செய்துகொண்டு வந்தேன். வாயில் வந்தது அவ்வளவுதான். டீச்சர் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு, லென்ஸை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். அந்த இறகு தெரிகிறவரை சாய்த்தார்.

“தொழில் படிக்கிறதுக்கு என் லென்ஸ்தான் கெடச்சதா உனக்கு?”

“இல்ல டீச்சர். இதுக்கு முன்னால பதினோரு லென்ஸு பாத்துருக்கேன். பதினொண்ணும் நல்லா இருக்கு. சுவாமிநாதன் சாரோடது, வத்தலக்குண்டு டாக்டரோடது, எல்லாம் நான் பண்ணுனதுதான்.”

என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. தலை குனிந்து நிற்க வந்தவள் நிமிர்ந்து நின்று பட்டியல் வாசித்துக்கொண்டிருந்தேன்.

“இப்ப நீ மன்னிப்புக் கேக்க வந்தியா, பெருமை பேச வந்தியா?”

யோசித்தேன். “ரெண்டுக்கும்தான் டீச்சர்.”

அவர் சிரிக்கவில்லை. ஆனால் என்னை முதல்முறையாகப் பார்ப்பது போலப் பார்த்தார். பிறகு லென்ஸை மூக்கருகே கொண்டுபோனார்.

“என்னது, தைலமா?”

“ஆமா.”

“அட கர்த்தாவே! இது ரெண்டையும் ஒட்டியிருக்கிறது பிசின்மா. மைக்ராஸ்கோப் ஸ்லைடு ஒட்டுறதுக்கு லேப்ல வெச்சிருக்கோமே, கனடா பால்சம்னு, அதுவாத்தான் இருக்கும். மரத்துப் பிசின். தைலம் பட்டா கரையும்.”

பலாப் பிசின் போகும் என்று கந்தம்மாள் சொன்னது பொய்யில்லை. பிசின்தான் போயிருந்தது.

“திருப்பி ஒட்டலாமா டீச்சர்?”

“எனக்கு எப்பிடித் தெரியும்? நான் ஒட்டுறது ஈசல் றெக்கையும் இலைத்தோலும். லென்ஸ் ஒட்டுனதில்ல.” உள்ளே போய் ஒரு சிறு பாட்டிலோடு வந்தார். தேன் நிறத்தில் ஏதோ இருந்தது. “இது என் சொந்த பாட்டில், பள்ளிக்கூடத்துதில்ல. எத்தன நாளாகும்?”

“தெரியாது.”

மூன்று வருடத்தில் நாங்கள் யாருக்கும் சொல்லாத பதில் அது.

“சரி. சரியா வந்தாலும் கெட்டாலும் நீதான் வந்து சொல்லணும். உன் வீட்டுக்காரர அனுப்பாத.”

வீட்டுக்கு வந்து இவரிடம் நடந்ததைச் சொன்னேன். சாப்பாட்டுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார்.

“ஊரு பூரா என்னப் பொய்க்காரன்னு சொல்லப் போகுது. அதையும் யோசிச்சியா?”

யோசிக்கவில்லை. என் உண்மைக்கு அவரும் விலை கொடுக்க வேண்டியிருக்கும் என்பது அதுவரை எனக்குத் தோன்றவே இல்லை. அந்த வாரம் முழுக்க அவர் என்னோடு பேசவில்லை. எனக்கு வருத்தமாக இருந்தது. ஆனால் போனதற்காக வருத்தம் இல்லை.

முதலில் இரண்டையும் பிரிக்க வேண்டும். இங்கத்திய குளிரில் கண்ணாடி சட்டென்று சூடானால் விரிசல் விடும். பாத்திரத்தின் அடியில் துணி போட்டு, பச்சைத் தண்ணீரில் கண்ணாடியை வைத்து, சிறு தணலில் இரண்டு மணி நேரம் சூடாக்கினேன். விரலால் தள்ளியபோது ஈரச் சோப்பு போல ஒன்றின் மேல் ஒன்று நழுவியது. பழைய பிசினை எடுக்கத் தைலத்தையே போட்டேன். இந்தத் தடவை தெரிந்தே போட்டேன். பிறகு, உடைந்துபோன மூக்குக் கண்ணாடியின் சில்லுகளை வைத்து ஒட்டிப் பழகினேன். கை படிந்தது என்று தோன்றியதும் டீச்சருடையதை எடுத்தேன்.

முதல் தடவை உள்ளே குமிழி. பிரித்தேன். இரண்டாம் தடவை, கண்ணுக்கே தெரியாத தூசி ஒன்று நடுவில் உட்கார்ந்துகொண்டது. பிரித்தேன். மூன்றாம் தடவை குமிழியும் இல்லை, தூசியும் இல்லை. லென்ஸை மாட்டிப் பார்த்தால் பேரிக்காய் மரம் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு நின்றது. இரண்டு கண்ணாடிகளும் மயிரிழை விலகியிருந்தன. அதை மறுபடி தண்ணீரில் போட்டுவிட்டு அடுப்பின் முன்னால் உட்கார்ந்திருந்தேன்.

பின்னாலிருந்து இவர் குரல் வந்தது. “ரெண்டும் ஒரே அகலம்தானே?”

எப்போது வந்து நின்றார் என்று தெரியவில்லை.

“ஆமா.”

“அப்ப கையால ஏன் நேர் பாக்குற? பலகையில ஆணி அடிச்சு ஓரத்த அதுல முட்டுக் குடு. கதவுச் சட்டம் சேக்கிறவன் அப்பிடித்தான் பண்ணுவான்.”

அவரே பலகை கொண்டுவந்தார். மூன்று ஆணி அடித்து, கண்ணாடி கீறாமலிருக்க ஆணிகளுக்கு நூல் சுற்றினார். நான்காம் தடவை சூடான கண்ணாடியில் ஒரு சொட்டு வைத்து, மேல் கண்ணாடியை மெல்ல இறக்கினேன். மூச்சு விடவில்லை. பிசின் வட்டமாகப் பரவி, ஓரம்வரை போய், எங்கே இருந்தது என்று தெரியாமல் மறைந்தது. இரண்டையும் ஆணியோடு ஒதுக்கினேன். அடுப்புக்கு மேலே புளிப்பானை வைக்கிற பலகையில், கதகதப்பில், பன்னிரண்டு நாள் அதை இறுகவிட்டேன். அந்தப் பன்னிரண்டு நாளும் வீட்டில் யாரும் சமையலறைக் கதவை அறைந்து சாத்தவில்லை. இவர் இருமல் வந்தால்கூட வாசலுக்குப் போய் இருமினார்.

லென்ஸைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். டீச்சர் அதைக் கேமராவில் மாட்டி, வீட்டுக்குப் பின்சுவரில் படர்ந்திருந்த பாசியை ஒரு படம் எடுத்தார். இவர் அதைக் கழுவிப் பிரிண்ட் போட்டார். மறுநாள் நான் எடுத்துக்கொண்டு போனேன். பாசியின் ஒவ்வொரு காம்பும், காம்பு நுனியில் தொப்பி போட்ட சின்னஞ்சிறு காய்களும் தனித்தனியாக எண்ணுகிற மாதிரி இருந்தன. டீச்சர் பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போனார்.

“நடுவுல சுத்தமா இருக்கு,” என்றார். “மேல் மூலையில லேசா இழுக்குது.”

ஒரு மாதம் முன்பென்றால் அந்த இடத்திலேயே ஒடுங்கிப் போயிருப்பேன். “அது முன்னாடியே இழுத்துச்சு டீச்சர்,” என்றேன்.

“அது உனக்கு எப்பிடித் தெரியும்?”

“போன வருசம் எங்ககிட்டப் பிரிண்ட் போட்டீங்களே, பாறை இடுக்குல வளந்த பெரணி. அந்த நெகட்டிவ்ல தூசிப் புள்ளி மறைச்சது நான்தான். அதுலயும் இதே மூலை இழுத்திருந்துச்சு. லென்ஸோட சுபாவம் அது. நான் பண்ணுனது இல்ல.”

டீச்சர் அலமாரியிலிருந்து ஆல்பத்தை எடுத்தார். பெரணிப் படத்தைத் தேடிப் பிடித்து, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பூதக்கண்ணாடியை அதற்கும் இதற்கும் மாற்றி மாற்றிப் பார்த்தார். எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. பயத்தினால் அல்ல. என் கண் பார்த்தது சரி என்று எனக்குத் தெரியும். அதை இன்னொரு கண்ணும் பார்க்கப் போகிறது என்பதற்காக.

“ஆமா,” என்றார் டீச்சர்.

அவ்வளவுதான். மேட்டிலிருந்து இறங்கி வரும்போது மேகம் ஏரியை மூடியிருந்தது. எதிரே வந்தவர்களின் முகம் தெரியவில்லை. நான் சிரித்துக்கொண்டே நடந்தேன்.

பங்குனி மாதம் ஒரு நாள் காலை. மேல்மலையில் இருக்கிற போளூர் பள்ளிக்கூட வாத்தியார் சேனாதிபதி என்பவர் துணிப்பையோடு ஸ்டூடியோவுக்குள் வந்தார். நான் உள்ளே இருந்தேன்.

“அருள்மணி டீச்சர் சொல்லி வர்றேன். இங்க ஒரு அம்மா லென்ஸு பாக்கிறாங்களாமே?”

இவர் உடனே பதில் சொல்லவில்லை. அந்த மௌனத்துக்குள் நான் நின்றுகொண்டிருந்தேன். அவர் வாயில் வந்து பழகிய ஊர்ப் பெயர் ஒன்று இருக்கிறதே.

“இருக்காங்க,” என்றார் கடைசியில். “எங்க வீட்டுலதான். செல்வம், உன்னப் பாக்க ஆளு வந்திருக்கு.”

கையைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தேன். வாத்தியார் என்னையும் என் முந்தானையையும் பார்த்தார். பையிலிருந்து லென்ஸைப் பாதிதான் வெளியே எடுத்திருந்தார்.

“நான்தான் பாக்கிறேன் சார்,” என்றேன். “இதுவரைக்கும் பன்னெண்டு பாத்துருக்கேன். அதுல டீச்சரோடத ஒரு தடவ கெடுத்துட்டேன், பெறகு சரி பண்ணினேன். அது தெரிஞ்சு குடுக்கிறதுன்னா குடுங்க.”

இவர் கண்ணாலேயே என்னை அடக்கப் பார்த்தார். வாத்தியார் லென்ஸைப் பைக்குள் போட்டுக்கொண்டார். “யோசிச்சுட்டு வர்றேன்,” என்று படியிறங்கினார். நான் கூப்பிடவில்லை. அவர் வேண்டாமென்று போனது என்னை. வேறு யாரையும் இல்லை. அது வலித்தது. ஆனாலும் மூன்று வருடம் வாங்கிய பாராட்டுகளைவிட அந்த வலி எனக்குச் சொந்தமாக இருந்தது.

சேனாதிபதி தெருவில் கொஞ்ச நேரம் நின்றார். பஸ் நிற்கிற பக்கம் பார்த்தார். திரும்பி வந்து வாசலில் நின்றபடியே, “எப்பிடிக் கெட்டுச்சு?” என்று கேட்டார்.

“உள்ள பிசின் வெச்சு ஒட்டியிருந்தது தெரியாம, தைலம் போட்டுட்டேன்.”

“தைலமா!” அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “எங்க வீட்டுலயும் எல்லாத்துக்கும் அதுதான். பெறகு திருப்பி ஒட்டுனீங்களா? சரியா வந்துச்சா?”

நான் வாய் திறக்குமுன் இவர் முந்திக்கொண்டார். “உடனேயா வந்துச்சு? மூணு தடவ ஒட்டி மூணு தடவ பிரிச்சா சார். நாலாவது தடவதான் நின்னுச்சு. டீச்சர் பூதக்கண்ணாடி வெச்சுப் பாத்து ஒரு குத்தம் சொன்னாங்க. அது எங் குத்தம் இல்ல, உங்க லென்ஸோட குத்தம்னு அவங்க படத்த வெச்சே அவங்களுக்குக் காட்டிட்டு வந்தா. உள்ள வாங்க சார், ஏன் வாசல்லயே நிக்கிறீங்க? செல்வம், நீ சொல்லு, நான் பாதிதான் சொல்லியிருக்கேன்.”

வாத்தியார் உள்ளே வந்தார். நான் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

“மொதல்ல அதக் குடுங்க சார். வெளிச்சத்துல பாக்கணும்,” என்று கையை நீட்டினேன்.